வாருக்கு ஆகாத தோல்

ஏம்மா, அதை மடிக்காதீங்க. மடியில வெச்சு ரெண்டா மடிக்கிறீங்க பாருங்க, அந்த மடிப்பு இனிமே ஆயுசுக்கும் போகாது. சுருட்டுங்க. அப்படி இல்ல, மழமழன்னு இருக்குற பக்கம் வெளிய தெரியணும். உள்ள வெச்சுச் சுருட்டினா மேல்தோல்ல சுருக்கம் விழுந்துரும். ஆங், அப்படித்தான். ரப்பர் பேண்டு போடாதீங்க, அழுத்தின இடம் கோடா நிக்கும். சும்மா கையில புடிச்சுக்கங்க. வேலூர் என்ன, இந்த பஸ்ஸுல ஒன்றரை மணி நேரம்.

ஆம்பூர்ல எடை போட்டுக் குடுப்பாங்களே, அந்தக் கடையிலதான வாங்கினீங்க? நானும் அங்கதான் வந்தேன். இன்னைக்கு ஒண்ணும் சரியில்லை, வெறுங்கையோட திரும்புறேன். பொழுதுபோக்குக்குச் செய்யறீங்களா? சந்தோஷம். நானும் அப்படித்தான். மின்வாரியத்துல ஹெட் கிளார்க்கா இருந்தேன். ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆகுது. ரிட்டயர் ஆனவன் ஒண்ணு கோயிலுக்குப் போவான், இல்ல டாக்டர்கிட்டப் போவான். நான் தோலை எடுத்துக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டேன்.

குடுங்க, பாக்கறேன். மோந்து பாருங்க. கடுக்காய் மாதிரி, மரப்பட்டை மாதிரி ஒரு வாசனை வருதா? அப்போ இது பட்டையில பதப்படுத்துன தோல். நல்லது. மருந்து நெடி அடிச்சு, துணி மாதிரி மெத்து மெத்துன்னு இருந்தா அது குரோம் தோல். அதுல அச்சு அடிச்சா நிக்காது. நீங்க ஆசை ஆசையா பூ அடிச்சு வெப்பீங்க, காலையில எழுந்து பாத்தா பூ இருக்காது. சந்தேகமா இருந்தா ஒரு ஓரத்துல ஒரு சொட்டுத் தண்ணி விடுங்க. உடனே குடிச்சுக்கிட்டுக் கறுத்துச்சுன்னா பட்டைத் தோல். கடைக்காரன் சத்தியம் பண்ணாலும் தண்ணியைத்தான் நம்பணும்.

இப்போ இந்த நடுவுல புடிச்சு இழுங்க. நல்லா இழுங்க, கிழியாது. அசையல இல்ல? இது முதுகு. இப்போ இந்த ஓரத்தை இழுங்க. வருது பாத்தீங்களா? இது வயித்துப் பக்கம். மாடு மூச்சு வுட்டா ஏறி இறங்குற இடம், தின்னா உப்புற இடம். செத்தப்புறமும் அந்தக் குணம் போகாது. பார்வைக்கு என்னமோ முதுகை விட இதுதான் வழவழன்னு அழகா இருக்கும். அந்த அழகுல மயங்கிடாதீங்க. பையோட தோள் வாருக்கு இதை எடுக்கவே கூடாது. பெல்ட்டுக்கும் கூடாது. வாருன்னா முதுகுலதான், அதுவும் நீளவாட்டுலதான் வெட்டணும். நான் சொல்ற மீதியெல்லாம் மறந்தாலும் பரவால்ல, இதை மறக்காதீங்க.

ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, இதை வெச்சுத்தான் நான் ஒருத்தனைப் பழி வாங்கினேன்.

சிரிக்கிறீங்க. நிஜமாத்தான் சொல்றேன். கோதண்டபாணின்னு ஒருத்தன். எங்க ஆபீஸ்ல எனக்கு எதிர் மேஜை. இருபத்தேழு வருஷம் ஒரே கடையில டீ குடிச்சோம். அவன் பொண்ணு கல்யாணத்துக்குப் பந்தி பரிமாறினவன் நான். ரிட்டயர் ஆன அடுத்த வருஷம் அவன் சம்சாரம் போய்ச் சேந்துட்டாங்க. மனுஷன் தனியா உக்காந்து சுவத்தைப் பாத்துக்கிட்டு இருந்தான். நான்தான் போயி, எழுந்து வாடான்னு கையப் புடிச்சு என் மாடிக்குக் கூட்டிட்டு வந்தேன். ஒரு துண்டுத் தோலையும் ரெண்டு ஊசியையும் குடுத்து உக்கார வெச்சேன். அவனுக்கு ஊசியில நூல் கோக்கக்கூடத் தெரியாது. சட்டைப் பொத்தானைக் கூட அந்த அம்மாதான் தெச்சுக் குடுத்துருக்காங்க.

எல்லாம் சொல்லிக் குடுத்தேன். தைக்கிற நீளத்தைப் போல நாலு மடங்கு நூல் எடுத்துக்கணும். மெழுகுல ரெண்டு தடவை இழுக்கணும். கத்தி மொட்டையா இருந்தா தோலை விட்டுட்டு விரலை வெட்டும், அதனால தினமும் தீட்டணும். ஒரே இழுப்புல வெட்டப் பாக்கக் கூடாது, மூணு தடவை லேசா ஓட்டணும். ஓட்டை போடுற உளி தலையில இரும்புச் சுத்தியால அடிக்கக் கூடாது, மரச் சுத்திதான். எழுதிக்கிறீங்களா? எழுதிக்கங்க. நான் யாருக்கும் ஒளிச்சு வெக்கறதில்ல.

முக்கியமானது தையல். ரெண்டு ஊசி, ஒரே நூல், ஒரே ஓட்டை. இந்தப் பக்கத்து ஊசி அந்தப் பக்கம் போகணும், அந்தப் பக்கத்து ஊசி இந்தப் பக்கம் வரணும். எந்த ஊசி முதல்ல போகுதோ அதுவேதான் கடைசி வரைக்கும் முதல்ல போகணும். நடுவுல மாத்தினா தையல் கோணிக்கும். அப்புறம் இறுக்கறது. அதுலதான் சூட்சுமம். மூச்சை வெளிய விட்டுக்கிட்டே இழுக்கணும். ஒரு தையலுக்கு ஒரு மூச்சு. மூச்சைப் புடிச்சுக்கிட்டு இழுத்தீங்கன்னா ஒண்ணு இறுக்கமாவும் ஒண்ணு லூசாவும் வரும். இது எந்த யூடியூப்லயும் கிடையாது. இது என் சொந்தச் சரக்கு.

அதாவது, நானா கண்டுபுடிச்சதுன்னு இல்ல. கோட்டைக்கு எதிர்ல புங்க மரத்தடியில ஒரு ஆளு உக்காந்து செருப்பு தெப்பான். ஆரம்பத்துல எனக்குத் தையலே வரல. யூடியூப்ல ஒரு வெள்ளைக்காரன் தெச்சுக் காட்டுவான், பாக்கறப்போ சுலபமா இருக்கும், தெச்சா பல்லு விழுந்த வாய் மாதிரி வரும். ஒரு நாள் செருப்பு அறுந்து போயி இந்த ஆளுகிட்டக் குடுத்துட்டு நின்னேன். கையப் பாத்தேன். அடேயப்பா, மிஷின் தோத்துரும். மறுநாளும் போனேன். நாலு மாசம் தினம் காலையில போயி எதிர்ல நின்னுக்கிட்டுப் பாத்தேன். நான் எதாவது கேப்பேன், அவன் சொல்வான். ஒரு நாள் என் கையில ஊசியைக் குடுத்து, என் மணிக்கட்டைப் புடிச்சு இழுத்துக் காட்டி, அப்போ சொன்னதுதான் இந்த மூச்சு விஷயம். கத்துக்கிட்டேன்னு சொல்ல முடியாது. பாத்தேன், அவ்ளோதான். பாக்கறதெல்லாம் படிப்பு ஆகிடுமா?

நான் ஒண்ணும் சும்மா பாக்கல. தினம் டீ வாங்கிக் குடுப்பேன். அந்தக் கடையில கண்ணாடி டம்ளர்தான். நான் தனியாச் சொல்லி அவனுக்குப் பேப்பர் கப்புல வாங்கிட்டு வருவேன். சுத்தம் பாருங்க. எனக்கு இந்த மேல கீழ எல்லாம் கிடையாதும்மா. என் சம்சாரம்தான் தோலை வீட்டுக்குள்ள விட மாட்டா. தொட்டா குளிச்சுட்டுத்தான் உள்ள வரணும்பா. பழக்கம், என்ன செய்யறது.

சரி, கதைக்கு வரேன். எங்க ஊர்ல பொழுதுபோக்குக் கைவினைச் சங்கம்னு ஒண்ணு இருக்கு. பொங்கல் கழிஞ்சு வருஷா வருஷம் கண்காட்சி போடுவாங்க. ஒரு வருஷம் என் பர்சுக்கு ஆறுதல் பரிசு குடுத்தாங்க. மைக்கைக் குடுத்துப் பேசச் சொன்னாங்க. எனக்கு யாரும் கத்துக் குடுக்கல, எல்லாம் தானா வந்ததுன்னு சொன்னேன். நல்லாக் கைதட்டினாங்க. கோதண்டம்தான் போட்டோ எடுத்தான்.

அடுத்த வருஷம் அவன் ஒரு பை செஞ்சு வெச்சான். முதல் பரிசு. எனக்குப் பொறாமைன்னு நினைக்காதீங்க. எனக்குப் பெருமைதான். யாரு சிஷ்யன்? நான் பட்டுக்கரை வேட்டி கட்டிக்கிட்டு ரெண்டாவது வரிசையில உக்காந்துருக்கேன். சிறப்பு விருந்தினர் ஒரு காலேஜ் பிரின்சிபால். அவரு மைக்குலயே கேட்டாரு, இவ்வளவு சுத்தமாத் தெச்சிருக்கீங்களே, உங்க குரு யாருன்னு. கோதண்டம் மைக்கை வாங்கினான். எனக்கு ஊசி புடிக்கக் கத்துக் குடுத்தவரு இங்கதான் இருக்காருன்னான். நான் மேல்துண்டைச் சரி பண்ணிக்கிட்டு, கையக் கூப்பிக்கிட்டு, பாதி எழுந்துட்டேன்.

அப்போ சொல்றான், வாசல்கிட்ட நிக்கிறாரு, கூச்சப்பட்டுக்கிட்டு உள்ள வரலைன்னு. சொல்லி, பேரைச் சொல்லிக் கூப்பிடுறான். மைக்குல. மரத்தடி ஆளு பேரை. அவரு இவருன்னு மரியாதை வேற. அந்த ஆளு செருப்பைக் கழட்டி வாசல்ல விட்டுட்டு நடு ஹால்ல நடந்து வரான். சபை எழுந்து நின்னு தட்டுது. பிரின்சிபால் அவனுக்குச் சால்வை போடுறாரு. நான் பாதி எழுந்தவன், எழுந்ததுக்கு ஒரு காரணம் வேணுமில்ல, தண்ணி குடிக்கப் போற மாதிரி வெளிய போயிட்டேன். என்னை ஒருத்தனும் பாக்கல. பாத்திருந்தாக்கூடப் பரவால்லையேன்னு இருந்துச்சு.

வளத்த கடா மார்ல பாயும்னு சொல்வாங்களே, பாஞ்சுது. மறுநாள் நேரா அவன் வீட்டுக்குப் போனேன். உனக்கு நூல் கோக்கக் கத்துக் குடுத்தவன் எவன்டான்னு கேட்டேன். அவனுக்குக் கோவம் கூட வரல. நிதானமாச் சொல்றான். இவன் தன் செருப்பைத் தெக்கக் குடுக்கப் போனப்போ அந்த ஆளுகிட்ட ‘ஒரு தையலுக்கு ஒரு மூச்சு’ன்னு பெருமையா அளந்துருக்கான். அந்த ஆளு சிரிச்சுட்டு, சாரு உங்களுக்கும் சொல்லிட்டாரான்னு கேட்டிருக்கான். அப்படித்தான் குட்டு உடைஞ்சிருக்கு. குட்டுன்னு நான் சொல்லல, அவன் சொன்னான். அதுல இருந்து ஒரு வருஷமா இவன் தினம் அங்க போயி, கோணியைப் போட்டு அந்த ஆளு பக்கத்துலயே உக்காந்து தெச்சிருக்கான். எனக்குத் தெரியாம.

“உன் பேரையும் சொல்லியிருப்பேன் வைத்தி. போன வருஷம் நீதான மைக்குல, யாரும் கத்துக் குடுக்கல, எல்லாம் தானா வந்ததுன்னு சொன்ன. நானும் தானா வந்துச்சுன்னு சொல்லட்டுமா?” அப்படீன்னு கேக்கறான்.

இது ஒரு பேச்சாம்மா? அது வேற, இது வேற. நான் மேடையில ஒரு வார்த்தை கூடக் குறையச் சொல்லியிருக்கலாம். அதுக்காக என் கையப் புடிச்சு ஏறினவன் என்னை ஏணி மாதிரி எட்டி உதைக்கலாமா? அன்னைக்கே முடிவு பண்ணேன். இவனுக்கும் சரி, சால்வை போட்டுக்கிட்ட அந்த ஆளுக்கும் சரி, எந்தச் சபையில பேரு வந்துச்சோ அந்தச் சபையிலயே பேரு போகணும்.

காலம் தானா கூடி வந்துச்சு. அந்தப் பிரின்சிபால் அதே மாதிரி ஒரு பை வேணும்னு கேட்டிருக்காரு. தடி தடியாப் புஸ்தகம் வெச்சுத் தூக்குற மனுஷன். ரெண்டு பேரும் சேந்து செஞ்சு தரோம்னு கோதண்டம் ஒத்துக்கிட்டான். தைக்க ரெண்டு பேருக்கும் தெரியும். ஆனா முழுத் தோல் பாத்து வாங்கறதுக்குக் கோதண்டத்துக்குக் கண்ணு பத்தாது. அதுக்கு எப்பவும் நான்தான். அந்த ஆளுக்குக் கண்ணு இருக்கு, ஆனா கடையை விட்டுட்டு ஆம்பூர் வந்தா அன்னைக்குப் பொழைப்பு போச்சு. அதனால கோதண்டம் வெக்கமே இல்லாம என் வாசப்படி ஏறி, பழசை மனசுல வெச்சுக்காத வைத்தி, தோல் மட்டும் நீ பாத்துக் குடுன்னான்.

நான் சிரிச்ச முகமா, அதுக்கென்ன, வான்னேன். இதே பஸ்ஸுலதான் வந்தோம். ஜன்னல் சீட்டை அவனுக்குக் குடுத்தேன்.

பையோட உடம்புக்கு நல்ல தோலாத்தான் எடுத்தேன். அதுல நான் விளையாடல. வாருக்குன்னு தனியா ஒரு துண்டு எடுத்தேன். வயித்துத் தோல். நான் சொன்னேன்ல, வழவழன்னு, பாத்தா கண்ணை எடுக்க முடியாது. கோதண்டம் தடவிப் பாத்துட்டு, ஆகா பட்டு மாதிரி இருக்கேன்னான். வாரை நானே வெட்டித் தரேன், உனக்கு ஓரம் சரியா வராதுன்னு சொல்லி வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். ரெண்டு நாள் உக்காந்தேன். ஓரத்தைச் சீவி, தண்ணி தொட்டு, கட்டையால தேச்சுத் தேச்சுக் கண்ணாடி மாதிரி ஆக்கினேன். ஓரம் தேய்க்கிறப்போ ரொம்பத் தண்ணி ஊத்தக் கூடாது, விரல் நுனியில தொட்டு வெச்சாப் போதும், எழுதிக்கங்க. பழிக்குன்னாலும் வேலை வேலைதானே. என் வாழ்க்கையில நான் செஞ்சதுலயே அழகான வாரு அதுதான்.

கணக்குப் போட்டு வெச்சிருந்தேன். அஞ்சு கிலோ புஸ்தகம் வெச்சா பத்து நாள்ல நாலு விரக்கடை நீளும். ஒரு மாசத்துல பை முட்டியில வந்து இடிக்கும். கொக்கி மாட்டுற ஓட்டையெல்லாம் இழுத்துக்கிட்டுக் கோழிமுட்டை மாதிரி ஆகிடும். பிரின்சிபால் ரெண்டு பேரையும் கூப்பிட்டு, இதான் உங்க லட்சணமான்னு கேப்பாரு. சால்வையை எங்க கொண்டு போய் வெப்பானுங்க? அதை நினைச்சு நினைச்சு எனக்குத் தூக்கமே நல்லா வந்துச்சு.

பத்து நாள் ஆச்சு, ஒரு சத்தமும் இல்ல. ஒரு மாசம் ஆச்சு. எனக்கு இருப்புக் கொள்ளல. பேரனுக்கு அட்மிஷன் விசாரிக்கிற மாதிரி அந்தக் காலேஜுக்கே போனேன். பேரன் மூணாங்கிளாஸ் படிக்கிறான். பிரின்சிபால் ரூம் வாசல்ல நிக்கிறேன், மனுஷன் பையை மாட்டிக்கிட்டு வெளிய வராரு. வாரு வெறப்பா நிக்குது. ஒரு நூல் இறங்கல. உத்துப் பாக்கறேன், அது என் வாரே இல்ல. கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் முரடு. முதுகுத் தோல். அவருக்கு நான் யாருன்னு தெரியாது, என்ன வேணும்னு கேட்டாரு. ஒண்ணும் இல்லைங்கன்னு வந்துட்டேன்.

எனக்குப் புரிஞ்சு போச்சு. கோதண்டம் ஏமாந்தான், அந்த ஆளு ஏமாறல. கையில வாங்கி ஒரு இழுப்பு இழுத்துப் பாத்திருப்பான். அவ்ளோதான் வேணும் அவனுக்கு. இதை நான் முன்னாடியே யோசிச்சிருக்கணும். முப்பது வருஷமாத் தோலைத் தொட்டவனை நான் கணக்குலயே சேக்கல பாருங்க, அதுதான் நான் பண்ண தப்பு.

இனிமே கோதண்டம் சண்டைக்கு வருவான்னு காத்துக்கிட்டு இருந்தேன். வரட்டும், நாலு வார்த்தை கேட்டா நானும் நாப்பது வார்த்தை கேக்கலாம்னு இருந்தேன். வரல. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில வாசல் கேட்டுகிட்ட யாரோ கூப்பிடுற சத்தம். போய்ப் பாத்தா அந்த ஆளு. சட்டையெல்லாம் தேச்சுப் போட்டுக்கிட்டு, கையில பேப்பர்ல சுத்தின ஒரு பொட்டலம். நான் கேட்டைத் திறக்கல. அங்கேயே நின்னு என்னன்னு கேட்டேன். பொட்டலத்தைக் கேட்டு மேல வெச்சுட்டுச் சொல்றான்.

“வாருக்கு வேற தோல் போட்டுக்கிட்டேன் சார். நீங்க குடுத்தது வயித்துத் தோலு, இழுத்தா வரும். தெரிஞ்சவரு நீங்க, தெரியாமக் குடுத்திருக்க மாட்டீங்க. வாருக்கு ஆகாது, காலுக்கு ஆகும். வீணாப் போவ வேணாமேன்னு உங்களுக்கே தெச்சுட்டேன்.”

கோபமாச் சொல்லல. குரல் கூட ஏறல. பொட்டலத்துல ஒரு ஜோடி செருப்பு. மேல் பட்டையெல்லாம் என் வாரு. நான் ரெண்டு நாள் தேச்ச ஓரம். எனக்கு இடது கால்ல கட்டைவிரல் பக்கத்துல எலும்பு துருத்திக்கிட்டு இருக்கும், எந்தச் செருப்பு போட்டாலும் கடிக்கும். அந்தச் செருப்புல அந்த இடத்துல மட்டும் பட்டை அரை விரல் அகலம் விட்டுத் தெச்சிருக்கு. என் கால் அளவு உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டேன். வேற எதுவும் கேக்கத் தோணல.

“நாலு மாசம் எதிர்ல நின்னீங்களே சார்”ன்னான்.

நெசந்தான். அவன் கீழ உக்காந்திருப்பான், நான் நின்னுக்கிட்டு இருப்பேன். அவன் கண்ணுக்கு நேரா என் கால்தான். நான் அவன் கையையே பாத்துக்கிட்டு இருந்தேன், அவன் என் காலைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கான். கோதண்டத்துகிட்ட சொல்லிட்டியான்னு கேட்டேன். இல்ல சார், அவருகிட்ட எதுக்குன்னுட்டுப் போயிட்டான். இன்னைக்கு வரைக்கும் சொல்லல. கோதண்டம் இன்னமும் தீபாவளிக்கு எனக்கு ஸ்வீட் கொண்டு வந்து குடுத்துட்டு, வாரு நீ குடுத்தது கொஞ்சம் மெல்லிசுன்னு மாத்திட்டாரு, தப்பா நினைச்சுக்காதன்னு என்கிட்ட மன்னிப்புக் கேக்கறான்.

இதுக்குப் பேரு என்னம்மா? கதவு மறைவுல நின்னு கேட்டுக்கிட்டு இருந்த என் சம்சாரம், நல்ல மனசுங்கிறா. நான் திமிருங்கிறேன். அடிச்சவனைத் திருப்பி அடிச்சா அது நியாயம், கணக்கு நேராகிடும். இப்படிச் செருப்பு தெச்சுக் குடுத்துட்டுப் போனா நான் என்ன செய்யறது? யார்கிட்டப் போய் நியாயம் கேக்கறது? சொல்லுங்க.

மாடியில கொண்டு போய் மூலையில வீசினேன். ரெண்டு மாசம் கிடந்துச்சு. அப்புறம் ஒரு நாள் கால் ரொம்ப வீங்கிப் போச்சு, எதுவும் நுழையல. சும்மா மாட்டிப் பாக்கலாம்னு மாட்டினேன். கடிக்கல. இன்னைக்கு வரைக்கும் கடிக்கல. வயித்துத் தோல் போடப் போடக் காலுக்குத் தகுந்த மாதிரி வளைஞ்சு குடுக்கும். அதுக்கும் ஒரு உபயோகம் இருக்கு, அதையும் எழுதிக்கங்க. ஆமா, என் கால்ல கிடக்கே, இதுதான். பாருங்க, தாராளமாப் பாருங்க. தையலைப் பாருங்க, ஒண்ணாவது ஏறி இறங்கி இருக்கா? நானும் பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்துட்டேன்.

இது பள்ளிகொண்டா டோல்கேட்டா? கொஞ்சம் இந்தப் பையைப் புடிங்க. செருப்பை மாத்திக்கணும். வேலூருக்குள்ள இதைப் போட மாட்டேன், ரப்பர் செருப்பு கொண்டு வந்திருக்கேன். யாராவது பாத்துப் போய்ச் சொல்லிட்டா? சார் போட்டுக்கிட்டுத் திரியறாருன்னு அவனுக்குத் தெரிஞ்சா அப்புறம் நான் எதுக்கு உயிரோட இருக்கணும்? கடிக்கும், கடிக்கட்டும். பஸ் ஸ்டாண்டுல இருந்து வீடு வரைக்கும்தான்.

இன்னும் ஒண்ணும் முடிஞ்சு போகல. வர பொங்கலுக்கு நானும் ஒரு பை வெக்கறேன். முதல் பரிசு வாங்கி, மைக்கைக் கையில வாங்கி, சொல்ல வேண்டியதைச் சொல்றேன். என்ன சொல்லுவேன்னு தினமும் மாடியில சொல்லிப் பாத்துக்கிட்டு இருக்கேன். இன்னும் சரியா வரல. ரெண்டாவது வரியில வந்து நின்னுடுது.

என்னம்மா? எங்க உக்காந்திருப்பாரா? போய்க் கத்துக்கணுமா? நான் இவ்ளோ நேரம் சொல்லிக்கிட்டு வரேன், அது பத்தலையா? பசை தடவினா விரல்ல ஒட்டாத பதம் வர வரைக்கும் காயவிடணும், நனைச்ச தோலை வெயில்ல வெக்கக் கூடாது, தேங்காயெண்ணெய் தடவக் கூடாது நாறும். வேற என்ன வேணும், கேளுங்க, சொல்றேன்.

இல்ல, அவன் இப்போ அந்த மரத்தடியில இல்ல. கோதண்டம் வீட்டு முன் ரூம்ல போர்டு மாட்டியிருக்காங்க, ரெண்டு பேரும் வகுப்பு எடுக்கறாங்களாம். எந்தத் தெருன்னு நான் சொல்ல மாட்டேன். போர்டுல அந்த ஆளு பேரு மேல இருக்கு, கோதண்டம் பேரு கீழ இருக்கு. அந்தப் பக்கமாப் போனா நான் பாக்காம இருக்க முடியல.

பேரா? தெரியும்மா. தெரியாம என்ன. அன்னைக்கு மைக்குல கேட்டதுல இருந்து ஒரு நாள் மறந்ததில்ல. இந்தச் செருப்பை மாட்டும்போதெல்லாம் வாய் வரைக்கும் வரும். ஆனா என் வாயால சொல்ல மாட்டேன். அது ஒண்ணுதான் இன்னும் என் கையில இருக்கு, அதையும் விட்டுட்டா அவனுங்ககிட்ட நான் சுத்தமாத் தோத்துப் போயிடுவேன்.

இறங்குங்க, பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. தோலைப் பாத்து, இடிக்காமப் புடிங்க. ஒரு நிமிஷம், அந்த நோட்டைத் திறங்க. வைத்தியலிங்கம்னு எழுதிக்கங்க. நாளைக்கு நீங்க நல்லா வந்து, யாரு கத்துக் குடுத்தாங்கன்னு எவனாவது கேட்டா சொல்லணும். எழுதிட்டீங்களா? எங்க, காட்டுங்க.